சட்டைப்பையில் ஒரு டெஸ்டர்

மஞ்சள் கைப்பிடி போட்ட டெஸ்டர் அது. கம்பியில் மின்சாரம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக மின்வாரியத்துக்காரர்கள் சட்டைப்பையில் பேனாவைப் போலச் செருகி வைத்திருப்பார்களே, அதேதான். ஒரு மலையாளப் படத்தின் தேவாலயத் திருமணக் காட்சியில், மணப்பெண்ணை நடத்திக்கொண்டு வரும் தந்தையின் வெள்ளைச் சட்டைப்பையில் அதன் தலை தெரியும். அந்தத் தந்தைக்கு வசனம் கிடையாது. நடித்தவர்கள் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. ஆனால் அவர் யார் என்பதும், அந்த டெஸ்டர் அங்கே எப்படி வந்தது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டாவது விஷயத்துக்கு நானே காரணம்.

பாறசாலைப் பக்கம் ஒரு பிரிவு அலுவலகத்தில் நான் உதவிப் பொறியாளராக இருந்தபோது அவர் எனக்குக் கீழே ஓவர்சியர். குளத்தூரில் ஒரு பழைய வீட்டில் படமெடுக்கத் தற்காலிக இணைப்பு கேட்டு ஒரு கூட்டம் விண்ணப்பித்திருந்தது. இடம் பார்க்கப் போன ஓவர்சியர், எர்த் கொடுக்காமல் வயர் இழுத்திருந்ததைக் கண்டு, "எலே, சாவதுக்காக்கும் சினிமா எடுக்க வந்திய?" என்று கத்தியிருக்கிறார். டைரக்டர் பயப்படவில்லை, ரசித்திருக்கிறார். அடுத்த வாரமே, ஐம்பது வயதில், போலீஸ் ஏட்டு வேஷத்தில் இன்னொரு முறை கத்தினார் ஓவர்சியர். பிறகு சீரியல்காரர்கள் கூப்பிட்டார்கள். எங்கள் ஊழியர்கள் நடிப்பதானால் முன் அனுமதி வேண்டும். அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போனதால் நான் பார்க்காதது போல இருந்தேன். பார்க்காதது போல இருப்பதற்கு விதிப்புத்தகத்தில் பிரிவு எதுவும் இல்லை. ஆனால் எல்லா அலுவலகங்களும் அதன்படிதான் ஓடுகின்றன.

மாலையில் ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வசனம் பாடம் செய்வார். மற்ற பாத்திரங்களின் வரிகளை நான் வாசிக்க வேண்டும். பெரும்பாலும் கதையில் அவருக்கு மனைவியாக வருபவளின் வரிகள். வயர்மேன்களை நடுங்க வைத்த அதே குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல், ஒரு சுற்றறிக்கையை வாசிப்பது போல வாசிப்பேன்.

"எஞ்சினியர் சாறே, இண்ணைக்கும் நீங்கதான் ஓவர்சியருக்க பெஞ்சாதியா?" என்பார் டீக்கடைக்காரர்.

"ஆமாண்டே. மீன் கொழம்பு வைக்கத் தெரியாத பெஞ்சாதியாக்கும்" என்பார் ஓவர்சியர்.

நான் சிரிக்காமல் அடுத்த வரிக்குப் போவேன். 'சாப்பிட்டுவிட்டுப் போங்கள்' என்ற பொருளில் ஒரு வரி அநேகமாக எல்லாச் சீரியலிலும் வரும். எனக்கு அதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லாமல் போய் அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. மகன் வெளிநாட்டில். குவார்ட்டர்ஸில் நான் திறந்தால்தான் குழாய்கூடச் சத்தம் போடும். அந்தப் பெஞ்சில்தான் நான் ஒன்று சொல்ல, ஒருவர் பதில் சொன்னார். அந்தப் பதில் யாரோ எழுதிக்கொடுத்தது என்பது எனக்கு ஒரு குறையாகத் தோன்றவில்லை.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயதானபோது பெரிய வேஷம் வந்தது. கதாநாயகனின் அப்பா. பாலக்காட்டில் தொடர்ந்து பன்னிரண்டு நாள் படப்பிடிப்பு. விண்ணப்பத்தை என் மேசையில் வைத்துவிட்டு நின்றுகொண்டே சொன்னார்: "சாறே, இது மட்டும் நல்லா வந்துதுண்ணா நான் வேலைய விட்டிருவேன். இப்பம் இல்லேண்ணா இனி எப்பம்?"

'பரிந்துரைக்கப்படுகிறது' என்று ஒரு சொல் எழுதி மேலே அனுப்பினால் போதும். நான் கேள்வி எழுதினேன். எந்த வகை விடுப்பு என்று குறிப்பிடப்படவில்லை. திருத்திக் கொண்டுவந்தார். தயாரிப்பாளரின் கடிதம் இணைக்கப்படவில்லை. இணைத்தார். துறைக்கு எதிரான வசனம் எதுவும் இல்லை என்ற உறுதிமொழி இரண்டு படிகளில் வேண்டும். அதையும் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் அந்த வேஷத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாகப் போன் வந்தது. இன்றைக்கும் எந்தத் தணிக்கைக்காரர் வந்தாலும் அந்தக் கோப்பில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியாது. அவர் வேலையை விட்டுப் போனால் அந்தப் பெஞ்சில் நான் தனியாக டீ குடிக்க வேண்டியிருக்கும் மாலைகள் மட்டும் அதில் எழுதப்படவில்லை.

"போட்டும் சாறே. சட்டம்ணா சட்டமாக்கும்" என்றார். கிண்டலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நம்பிச் சொன்னார். அன்று மாலையும் டீக்கடைக்கு வந்தார். வசனத் தாள் இல்லாமல், டிரான்ஸ்பார்மர்களைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்.

சில மாதங்கள் கழித்து நெய்யாற்றின்கரையில் ஒரு தேவாலயத்தில் படப்பிடிப்பு என்று ஒரு நாள் விடுப்பு கேட்டார். அன்று காலை குளத்தூரில் டிரான்ஸ்பார்மர் பழுது. வேறு ஓவர்சியரை அனுப்பியிருக்கலாம். நான் அரை நாள் கொடுத்தேன். பழுதைச் சரிசெய்துவிட்டு வியர்வையோடு பைக்கில் நேராகப் போனவருக்கு அங்கே வெள்ளைச் சட்டை தந்திருக்கிறார்கள். சட்டையை மாற்றினால் டெஸ்டரையும் மாற்றிச் செருகுவது அவருக்கு முப்பது வருடப் பழக்கம். கை தானாகச் செய்துவிட்டது. ஒருவரும் கவனிக்கவில்லை.

அதன் பிறகு அவரை நடிக்க யாரும் கூப்பிடவில்லை. இருவரும் ஓய்வுபெற்ற பின், அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சொல்லிவிடுவது என்று தீர்மானித்துப் போனேன். "அந்தப் பாலக்காட்டுக் கோப்பு..." என்று தொடங்கினேன். அவர் காதில் விழவில்லை. "டிவியில அந்தக் கல்யாணப் படம் போட்டான், பாத்தியளா? டெஸ்டர் பளிச்சுண்ணு தெரியுது. முழு நாள் லீவு தந்திருந்தியண்ணா அது வீட்டுல கெடந்திருக்கும்" என்று இருமலுக்கிடையே சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டதால் மேலே சொல்ல முடியவில்லை. பத்தாம் நாள் அவரை அடக்கம் செய்தார்கள்.

நேற்று மத்தியானம் அந்தப் படத்தை மறுபடி போட்டார்கள். சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். மகளை ஒப்படைத்துவிட்டு அவர் ஓரடி பின்னால் நகர்கிறார். கை சட்டைப்பைக்குப் போய் டெஸ்டரைத் தொட்டுப் பார்க்கிறது. அடுத்த நொடி காட்சி மாறிவிடும்.

"சாப்பிட்டுவிட்டுப் போங்கள்" என்றேன். இந்த முறை சுற்றறிக்கை வாசிக்கிற குரல் வரவில்லை.

அந்தப் படத்தில் அவருக்கு வசனம் கிடையாது.