உங்களை நான் பார்த்துக்கொள்கிறேன்

லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் புகார் மேசை அவளுடையது. எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டு கத்தினாலும் முதலில் அவள் காதில்தான் விழும். போனில் பேசினால் தேன் ஒழுகும். மெயிலில் மட்டும் மகா கஞ்சம். ஒரே வரி, வணக்கமும் கிடையாது, நன்றியும் கிடையாது. ஆபீஸில் அவளுக்குப் பேரே 'தந்தி'.

உதிரிபாக ஸ்டோருக்குப் புதிதாக ஒருவன் வந்து சேர்ந்தான். அந்நியன் இல்லை, அவள் தங்கையைக் கட்டியவனுக்குக் கூடப்பிறந்த கடைசித் தம்பி. தங்கை கெஞ்சிக் கேட்டதால் மேனேஜரிடம் சொல்லி வாங்கிக் கொடுத்த வேலை. தன் நிழலுக்கே ஒதுங்கி வழிவிடுகிற சுபாவம் அவனுக்கு.

வந்த வாரமே ஒரு கதவு மோட்டாரை இடம் மாற்றி அனுப்பிவிட்டான். மெக்கானிக்குகள் மெயிலில் ஏறி மிதித்தார்கள். அவனோ எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டு முழம் நீளத்துக்கு எழுதினான். தந்திக்கு மனசு இளகிப்போயிற்று. ஒரு கையில் போனைப் பிடித்தபடியே மறு கையால் அவனுக்குப் பதில் தட்டினாள். அது எல்லாருக்கும் போயிற்று:

"உங்களை நான் பார்த்துக்கொள்கிறேன்."

பயப்படாதே, நான் இருக்கிறேன் என்றுதான் அவள் சொன்னாள். ஆனால் மெயிலுக்கு ஏது குரல்? படித்தவர் காதில் அது மீசையை முறுக்கிக்கொண்டு விழுந்தது.

சாயங்காலம் தங்கை கூப்பிட்டாள்.

"அக்கா, என் கொழுந்தனை என்ன பண்ணப்போற?"

"நான் என்னடி பண்ணேன்?"

"'உங்களை நான் பாத்துக்கறேன்'னு எல்லாருக்கும் தெரியற மாதிரி எழுதினியாமே! நாளைக்கு வேலைக்குப் போகமாட்டேங்கறார். 'வேலையும் வாங்கிக் குடுத்துட்டு உங்க அக்கா மிரட்டுறாங்க'ன்னு சொல்லிட்டு, என் வீட்டுக்காரர் என்கிட்ட பேசவே இல்லை."

புகுந்த வீட்டில் தங்கையை ஆயுசுக்கும் குத்திக்காட்ட இந்த ஒரு பேச்சு போதுமே.

"போனைத் தம்பிகிட்ட குடு."

அவன் போனை வாங்கினான்.

"தம்பி, நான் எழுதினதை நானே சொல்றேன், கேளுங்க. உங்களை நான் பாத்துக்கறேன்பா."

"இப்படியாக்கா எழுதினீங்க?" என்றான்.

"இப்படித்தான் எழுதினேன். நீங்கதான் வில்லன் குரல்ல படிச்சிட்டீங்க."

"நான் மட்டும் இல்லக்கா. மேனேஜரும் 'ஜாக்கிரதையா இருப்பா'ன்னு சொல்லிட்டுப் போனாரு."

"அட கடவுளே, அவர் வேறயா!"

மறுநாள் காலையில் அவன் வந்தான். அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே எல்லாருக்கும் எழுதினாள்.

"வணக்கம் போடுங்கக்கா."

"தினம் பாக்கற மூஞ்சிக்கு எதுக்குப்பா வணக்கம்?"

"மெயில்ல மூஞ்சி தெரியாதேக்கா."

போட்டாள். 'ஸ்டோருக்குப் புதிதாக வந்தவர் வேலை பழகும்வரை நான் கூட இருந்து உதவுவேன். நேற்று எழுதியதற்கும் அதுதான் அர்த்தம். மோட்டார் இன்றே வந்து சேரும். நன்றி.'

மெக்கானிக் ஒருவன் உடனே பதில் அனுப்பினான்: 'அக்கா, உடம்புக்கு ஒன்றும் இல்லையே?'

ஸ்டோர்க்காரன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். மத்தியானம் தங்கையும் கூப்பிட்டாள். வீட்டுக்காரர் போன் பண்ணி, "சாப்பிட்டியா?" என்று கேட்டாராம்.