தப்தரில் ஒரு காலிக் கட்டம்

ஜமாஅத்தில் நிக்காஹ் தப்தர், அதாவது கல்யாணப் பதிவேடு, எழுதுகிறவனுக்குப் பிரியாணி நிச்சயம், நிம்மதி நிச்சயமில்லை. என்னைப் போல ஊர் வேலை பார்த்து நொந்துபோனவர்களே, உங்களிடம்தான் இதையெல்லாம் கொட்ட முடியும்.

ஆடிய தலை

மணப்பெண்ணின் சம்மதத்தை அவளிடமே கேட்க வேண்டும், அதுதான் மார்க்கம். இரண்டு சாட்சிகளோடு போனேன். அறைக்குள் ஏழெட்டு முக்காடுகள். பட்டும் பூவும் அதிகமாக இருந்த முக்காட்டைப் பார்த்து, சம்மதமா என்று கேட்டேன். தலை பலமாக ஆடியது. சந்தோஷமாக எழுதப் போனபோது பக்கத்து முக்காடு பேசியது.

“அவுக எங்க சாச்சி, உம்மாவோட தங்கச்சி. அவுகளுக்கு நிக்காஹ் ஆயி இருவது வருசம் ஆச்சு. என்னையக் கேளுங்க, மாமா.”

வாசித்த பெண்

நான் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போடுவதுதான் பெண்களின் வழக்கம். இன்னொரு நிக்காஹில் மணப்பெண் ஷமீமா, பாளையங்கோட்டைக்கு பஸ்ஸில் போய்ச் சட்டம் படிக்கிறவள். தப்தரை வாங்கி முதல் வரியிலிருந்து வாசித்தாள். ‘குறிப்பு’ என்ற கட்டத்தில் வழக்கம்போல நான் ஒரு கோடு இழுத்திருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகும் படிக்க வைப்பதாக மாப்பிள்ளை வீட்டார் பேசியதை அங்கே எழுதினால்தான் கையெழுத்து என்றுவிட்டாள்.

தப்தரைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்கு ஓடினேன். வாயால் சொன்னது போதாதா என்றார் மாப்பிள்ளையின் வாப்பா. நிபந்தனை போடுவது பெண்ணின் உரிமை என்றார் நிக்காஹ் ஓத வந்த ஹஜ்ரத். பிரியாணி வாசம் மூக்கைத் துளைக்கிறது, யாரும் அசையவில்லை. கடைசியில் மாப்பிள்ளை அன்சாரியே வாய் திறந்தான். பேட்டையில் பட்டறை வைத்திருக்கிறவன்.

“எழுதுங்க மாமா. ‘கடைசிப் பரீட்சை வரைக்கும்’னு போடாதீங்க. ‘அவ போதும்னு சொல்லுத வரைக்கும்’னு போடுங்க.”

பழைய பக்கம்

அடுத்த வருஷம் அன்சாரியின் உம்மா மரியம் விறுவிறுவென்று ஜமாஅத் ஆபீசுக்கு வந்தாள். ஷமீமாவின் கடைசிப் பரீட்சை அன்றைக்குத்தான் வீட்டில் பெரிய விருந்தாம். மருமகள் போகக் கூடாது என்று இவள் சொல்ல, தப்தரில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வரும்படி மகன் அனுப்பிவிட்டான். வாசித்துக் காட்டினேன். பிறகு, தன் நிக்காஹ் பக்கத்தை எடுக்கச் சொன்னாள்.

முப்பது வருஷத்துத் தூசியைத் தட்டி எடுத்தேன். குறிப்புக் கட்டத்தில் ஒரு கோடு. என் கை இழுத்ததுதான். எட்டாவதோடு பள்ளியை விட்டவளிடம் அன்றைக்கு ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. அவள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“விருந்தத் தள்ளி வச்சுக்கிடுதோம், அவ போயி எழுதட்டும். காக்கா, அண்ணன்னு நெனச்சுக் கேக்கேன், இந்தக் கோட்ட அழிச்சிட்டு, மரியம் பத்தாவது எழுதணும்னு போட முடியுமா?”

மாமியாரும் மருமகளும் இப்போது ஆளுக்கொரு மூலையில் படிக்கிறார்கள், சோறு வடிப்பது யார் என்று மாப்பிள்ளையின் வாப்பா என்னிடம் வந்து நிற்கிறார், அதற்கு நான் தப்தரில் எந்தக் கட்டத்தைக் காட்டுவது?