இரண்டு குழாய்த் துண்டுகள்

நீலகிரியில் எமரால்டு என்கிற ஊருக்கு மேலே எங்களுக்கு இரண்டு ஏக்கர் தேயிலை, ஒரு மோட்டார் சைக்கிள், அதை ஓட்ட இரண்டு பேர். அண்ணன் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். நான் குன்னூரில் ஒரு தேயிலைத் தரகு அலுவலகத்தில் எழுத்தர். தேயிலை விலை படுத்துக்கிடந்த காலம் அது. முன்பெல்லாம் ஏஜெண்டின் ஜீப் வாசலுக்கே வந்து இலையை அள்ளிக்கொண்டு போகும். விலை விழுந்ததும் ஜீப் நின்றது. பாக்டரிக்காரர்கள் இன்றைக்கு எடுப்போம், நாளைக்கு வேண்டாம் என்று இஷ்டத்துக்குச் சொன்னார்கள். சொன்ன நேரத்துக்குள் போய்ச் சேராவிட்டால் இலை சாக்குக்குள்ளேயே சூடேறி வெந்துவிடும். அண்ணன் டேங்க் மேல் ஒரு சாக்கும் பின்னால் ஒரு சாக்கும் கட்டிக்கொண்டு வண்டியிலேயே இறங்க ஆரம்பித்தார்.

டேங்க் மேல் வைக்கிற சாக்கின் பாரம் முன்சக்கரத்தின் தலையில்தான் விடியும். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற போர்க் குழாய்களுக்குள் ஸ்பிரிங் அடிவரை அமுங்கி, இரும்பும் இரும்பும் மோதும். எமரால்டு பஜாரில் ஒரு மெக்கானிக் இருந்தார். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். சிலோன்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். அவர் இரண்டு பக்கமும் கெட்டி ஸ்பிரிங் போட்டார். அது இன்னும் இறுகி நிற்க ஒவ்வொன்றின் தலையிலும் கட்டைவிரல் நீளத்துக்குத் தண்ணீர்க் குழாயை அறுத்து வைத்தார். கெட்டி ஆயில் ஊற்றி மூடினார்.

"இப்ப மூணு மூட்டை வச்சாலும் குனியாது அண்ணே" என்றார்.

குனியவில்லைதான். ஆனால் சாக்கு இல்லாமல் போனால் கல்லுக்குக் கல் குதித்தது. என் மனைவி அப்போது ஏழு மாதம். முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்திலேயே போய்விட்டது. குலுங்காமல் வந்து போகச் சொல்லியிருந்தார் குன்னூர் டாக்டரம்மா. பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போடலாம் என்று அண்ணனிடம் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன்.

"வண்டி இலைக்கா, உன்ற பொண்டாட்டிக்கா?"

"ரெண்டுக்குந்தானுங்ணா."

தட்டு பறந்து வந்தது. அந்த வருஷம் அவர் கை சும்மா இருக்கவேயில்லை. பாக்டரி கேட்டில் வாட்ச்மேனை அடித்திருந்தார். கறக்கவிடாத மாட்டை மண்வெட்டிக் காம்பால் அடித்து, அது ஒரு வாரம் நொண்டியது. அன்றைக்குத் தட்டு பட்டு என் புருவம் கிழிந்தது. நானும் விடவில்லை, அவர் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினேன். என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அடிச்சுட்டுச் சாவுங்க ரெண்டு பேரும்" என்று கத்தினாள்.

வெள்ளிக்கிழமை அண்ணன் தோட்டத்தில் இருந்தபோது நானே போர்க்கைத் திறந்தேன். சிலோன்காரர் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன்தானே. கெட்டி ஸ்பிரிங்கையும் குழாய்த் துண்டுகளையும் எடுத்து விறகுக் கொட்டகையில் ஒளித்தேன். பழைய ஸ்பிரிங்கைப் போட்டு மெல்லிய ஆயில் ஊற்றினேன். சனிக்கிழமை காலை மனைவியைக் குன்னூர் கூட்டிப்போய் வந்தேன். வழியெல்லாம் அவள் ஒருதடவைகூட என் தோளை அழுத்திப் பிடிக்கவில்லை. சாயங்காலம் பழையபடி மாற்றிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வெளியே அண்ணன் சாக்குகளோடு வண்டியைக் கிளப்புகிற சத்தம். பாக்டரியிலிருந்து திடீரென்று ஆள் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சோற்றில் கை அப்படியே நின்றது. ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். கொடுத்தால் நான் செய்தது தெரிந்துவிடும். ஒருநாள்தானே, தாங்கும் என்று நினைத்தேன். அடுத்த கவளத்தை உருட்டி வாயில் போட்டேன்.

பஜாருக்கு மேலே இருக்கிற கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடித்திருக்கிறார். முன்பக்கம் அடியோடு அமுங்கி, டேங்க் சாக்கு ஹேண்டில்பாரில் சரிந்து, சக்கரம் ஓடையில் இறங்கிவிட்டது. கவாத்து வெட்டிய செடிகளின் மேல் போய் விழுந்தார். வெட்டின குச்சி ஒவ்வொன்றும் ஈட்டி. தொடை கிழிந்து, இடது கை முழங்கைக்குக் கீழே வளைந்து தொங்கியது. சேதி கேட்டு நான் பஜாருக்கு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது யாரோ வண்டியை சிலோன்காரர் கடைக்குத் தள்ளியிருந்தார்கள். அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஒடிந்த கையோடு கடைக்குள் நின்று, நல்ல கையால் அந்த மனுஷனை அடித்துக்கொண்டிருந்தார்.

"மூணு மூட்டைக்குக் குனியாதுன்னு சொன்னியேடா!"

சிலோன்காரர் உதட்டில் ரத்தம். "நான் போட்டது இப்படி அமுங்காது அண்ணே. யாரோ கழட்டியிருக்காங்க. திறந்தே காட்டுறேன்" என்று ஸ்பேனரை எடுக்கக் கையை நீட்டினார்.

திறந்தால் நான் தீர்ந்தேன். கீழே கிடந்த ஒரு பழைய போர்க் பைப்பை எடுத்து, ஸ்பேனர் மேல் இருந்த அந்தக் கையில் ஓங்கி அடித்தேன். "பண்றதையும் பண்ணிப்போட்டுப் பொய் வேற பேசறயா?" என்று கத்தினேன். விரல் முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. அவர் கையைத் தொடை இடுக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அண்ணனைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார். கடைவாசலில் பத்துப் பேர் நின்றார்கள். ஏனப்பா என்று கேட்க ஒரு ஆள் இல்லை.

அண்ணன் என் தோளைத் தட்டி, "நீதான்டா தம்பி" என்றார். அதைவிட அவர் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

வண்டியை வீட்டுக்குத் தள்ளி வந்து தார்ப்பாயில் மூடினோம். போர்க் கோணியிருந்ததால் என்னால் திறந்து பழையபடி ஆக்கவும் முடியவில்லை. மிச்ச மாதங்களுக்கு மனைவி பஸ்ஸில் நின்றுகொண்டே குன்னூர் போய்வந்தாள். பெண் பிறந்தது, நல்லபடியாகவே பிறந்தது. மகளைத் தூக்கும்போதெல்லாம் அந்த விரல் சத்தம் எனக்குக் கேட்டது. என்னையே எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

அண்ணன் கைக்கட்டுப் பிரித்ததும், ஊட்டியில் யாரிடமாவது வண்டியைக் காட்டச் சொன்னார். நான் சிலோன்காரரிடம் கொண்டுபோனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று வழிநெடுக வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். கடைக்குள் போனதும் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, "போர்க் கோணிப்போச்சுங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தன. மற்ற விரல்களால் போர்க்கைத் திறந்து, உள்ளே இருந்த பழைய ஸ்பிரிங் இரண்டையும் உருவி, நியூஸ்பேப்பர் மேல் வரிசையாக வைத்தார்.

"இப்ப எதைப் போடட்டும் தம்பி? அண்ணனுக்கா, உங்களுக்கா?"

"அண்ணனுக்கு" என்றேன்.

"அப்ப நான் போட்ட ஸ்பிரிங்கும், அறுத்து வச்ச குழாய்த் துண்டு ரெண்டும் வேணும். உங்ககிட்டத்தானே இருக்கு."

என் பையில்தான் இருந்தன. எடுத்து அவர் கையில் கொடுத்தேன். மடங்காத விரல்களுக்கு நடுவே நழுவி ஒரு துண்டு கீழே விழுந்தது. நான் குனிவதற்குள் அவரே குனிந்து எடுத்துக்கொண்டார்.