தலைமையாசிரியர் வீட்டுப் படியில் அப்பா

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உங்களில் பலர் அவரிடம் படித்தவர்கள். அவர் வகுப்பில் சொல்லாத சிலவற்றை மூத்த மகள் என்ற முறையில் எழுதுகிறேன்.

முத்தியால்பேட்டையில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் அப்பா. பிரெஞ்சில் படித்துத் தேறி, நகரத்துப் பள்ளியொன்றில் ஆசிரியரானார். 1954இன் தொடக்கத்தில், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த எங்கள் ஊர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்று ஊர்வலங்கள் நடந்தன. அவற்றில் போன மாணவர்கள் யார் யார் என்று தலைமையாசிரியர் கேட்டார். அப்பா சொல்ல மறுத்தார். வேலை போயிற்று. நான் அப்போது கைக்குழந்தை. அந்த மாதங்களில் வைத்திக்குப்பத்து மீனவப் பிள்ளைகளுக்குப் படகு நிழலில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். வீட்டில் மீன் குழம்புக்கு மட்டும் குறைவில்லை என்பார் அம்மா.

நவம்பரில் ஆட்சி கைமாறியது. புதிய கொடி பறப்பதை அப்பா கூட்டத்தோடு நின்று பார்த்தார். திரும்பும் வழியில், பழைய மாணவர்கள் சிலர் கல்லும் கையுமாகத் தலைமையாசிரியர் வீட்டுக்குக் கிளம்பியது தெரிந்தது. குறுக்குத் தெருவில் முந்திப் போய் அந்த வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

“ஒங்கள வெளிய தள்ளுன ஆளு வாத்தியாரே அவரு,” என்றான் ஒருவன்.

“தள்ளுனது என்னை. நானே கேட்டுக்கறேன். நீங்க வூட்டுக்குப் போங்கப்பா.”

சற்று நின்றுவிட்டுக் கலைந்தார்கள். தெரு வெறிச்சோடிய பிறகே அப்பா எழுந்து வீட்டுக்கு வந்தார்.

அதே பள்ளியில், அதே தலைமையாசிரியரின் கீழ் அவருக்கு மீண்டும் வேலை கிடைத்தது. அன்று நடந்ததைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை. 1962இல் சட்டப்படியான இணைப்பு முடிந்து, விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம் என்றானது. பிரான்சுக்குப் போக முடிவு செய்த தலைமையாசிரியர் முதன்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்து, அப்பாவையும் கிளம்பச் சொன்னார். அம்மாவுக்கு ஆசைதான். தமக்கு இங்கே வகுப்பு இருக்கிறது என்று அப்பா மறுத்துவிட்டார்.

விடைபெறும்போது தலைமையாசிரியர் தயங்கி நின்றார். “அன்னைக்கு நீங்க வெளிய ஒக்காந்திருந்தது தெரியும். பயத்துல கதவத் தொறக்கல.”

“தொறந்திருந்தா கல்லு உள்ள வந்திருக்கும், முசியே,” என்று பிரெஞ்சில் மரியாதையாக விளித்துச் சொன்னார் அப்பா.

அம்மா பல நாள் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஓய்வு பெற்ற பிறகும் அப்பா வீட்டில் பாடம் நடத்தினார். கடைசி மாதங்களில் வீட்டிலும் மருத்துவமனையிலுமாகப் படுக்கையில் இருந்தார்; யாரையும் சிரமப்படுத்த விரும்பவில்லை. அவரை எடுத்துச் சென்ற நாளில், தெருமுனை வரை நின்றவர்களை அம்மா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “அங்க போயிருந்தா இவரத் தூக்க நாலு பேரு தேடணும்,” என்றார்.

மருத்துவமனையில் முறை வைத்துத் துணையிருந்த தெருவாருக்கும், அன்று தோள் கொடுத்த ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.