காத்திருப்போர் சுவருக்கு மூன்று படங்கள்

பல் மருத்துவமனையின் முன்மேஜையில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு பெயர் இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இருக்கவில்லை. வருகிறவர்களுக்கு அவர் டோக்கன் அக்கா. டாக்டருக்கும் அப்படியே. கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் நுழையும்போதே, வலி தாங்காமல் வந்தவரா, வீட்டில் நச்சரித்து அனுப்பி வந்தவரா என்று அக்காவுக்குத் தெரிந்துவிடும். வலியோடு வருகிறவர்கள் கதவைத் திரும்பச் சாத்துவதில்லை.

மருத்துவமனை பழைய இடத்திலிருந்து ஒரு பெரிய கட்டடத்தின் இரண்டாம் மாடிக்கு மாறியது. புதுக் காத்திருப்பு அறையில் பதினோரு நாற்காலிகள், எதிரே நீளமான வெள்ளைச் சுவர். பழைய இடத்தில் அப்படியொரு சுவரில் சொத்தைப் பல்லைக் குறுக்காக வெட்டிக் காட்டும் படம் ஒன்று தொங்கியது. டாக்டர் அதைக் குப்பையில் போட்டுவிட்டார். அறை அலங்காரம் செய்ய வந்தவர் கொண்டுவந்த தடிமனான படப் புத்தகத்தில் சூரியன் மறைந்துகொண்டே இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் கடற்கரை, அடுக்கி வைத்த கூழாங்கற்கள்.

"இதையெல்லாம் பாத்தா எனக்கே பல் கூசுது" என்று டாக்டர் புத்தகத்தை மூடி அக்காவின் மேஜையில் வைத்தார். "அக்கா, நீங்களே மூணு படம் பாத்து வாங்கிடுங்க."

"எனக்குப் படத்தப் பத்தி என்ன தெரியும் டாக்டர்?"

"இங்க வர்றவங்களப் பத்தித் தெரியும்ல. அது போதும்."

ஒரு வாரம் அக்கா போனில் தேடினார். ஆயிரம் படம் பார்த்தபின் ஒன்றுகூட மனதில் தங்கவில்லை. அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் வேலை பார்க்கும் நாத்தனார்தான் வழி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு பள்ளிக்கூடத்தின் கூடத்தில் ஓவியர்கள் தாங்களே மேஜை போட்டுத் தங்கள் படங்களை விற்கிறார்களாம்.

"கடைச் சரக்கு இல்ல அண்ணி. வரைஞ்சவங்களே உக்காந்திருப்பாங்க. பிடிக்கலன்னா பேசாம வந்துடலாம்."

பேசாமல் வருவதுதான் கஷ்டம் என்பது அங்கே போனதும் தெரிந்தது. ஒரு படத்தை நான்கு நொடிக்கு மேல் பார்த்தால் வாங்கியே ஆகவேண்டும் என்பதுபோல் அக்காவுக்குக் கூச்சமாக இருந்தது. கால் மணி நேரத்தில் நாத்தனார் கூடம் முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பார்க்கவேண்டியதெல்லாம் பார்த்தாயிற்று என்றாள். அக்கா மூலையில் இருந்த ஒரு மேஜைக்குப் போனார். அங்கே ஒல்லியான ஒரு பெண் இருந்தாள். நகக்கண்களில் கறுப்பு மை.

"ஒரு நாற்காலி கிடைக்குமா? உக்காந்து பாக்கணும்."

"கால் வலிக்குதா?"

"இல்ல. எங்ககிட்ட வர்றவங்க உக்காந்துதான் பாப்பாங்க. இருபது நிமிஷம், அரை மணி நேரம். பயந்துக்கிட்டு வேற இருப்பாங்க."

மை விரல் பெண் தன் நாற்காலியையே கொடுத்தாள். படங்கள் தகட்டில் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி எடுத்தவை. ஒவ்வொன்றின் கீழேயும் பென்சிலில் எண் எழுதியிருந்தது. அக்கா கையில் எடுத்ததில் பன்னிரண்டு கோடு முப்பது.

"இது என்ன, டோக்கனா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான். முப்பதுதான் போடுவேன், இது பன்னிரண்டாவது. முப்பது முடிஞ்சதும் தகட்டைக் கீறிடுவேன்."

"முப்பத்தொண்ணாவதா வந்தவங்க?"

"அவங்க வேற படம் பாக்கணும்."

அக்காவுக்கு அந்தக் கண்டிப்பு பிடித்திருந்தது. அவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். வயல் முழுக்கச் சிவப்பாக இருந்த படம் அழகுதான். ஆனால் வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு வருகிறவருக்குச் சிவப்பைக் காட்டக்கூடாது. பல் தெரியச் சிரிக்கும் குழந்தையும் வேண்டாம், கன்னம் வீங்கியவருக்கு எரிச்சல் வரும். பக்கத்து மேஜையில் ஒன்றும் புரியாத வட்டங்கள் இருந்தன. அவற்றை வெகுநேரம் பார்த்து, பார்க்கப் பார்க்கத் தலை சுற்றியதால் விட்டுவிட்டார்.

கடைசியில் மை விரல் பெண்ணிடமே மூன்றை எடுத்தார். ஒன்று அடுக்குமாடிக் கட்டடத்தின் முகப்பு. அதில் சின்னச் சின்னதாக எத்தனையோ ஜன்னல்கள், ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. பயந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு எண்ணுவதற்கு ஏதாவது வேண்டும், இல்லையென்றால் தரைக்கல்லை எண்ணுவார்கள் என்பது அக்காவின் அனுபவம். இன்னொன்று லாரிக்கு அடியில் தூங்கும் நாய். மூன்றாவது ஆள் இல்லாத படகு.

நான்காவதாக ஒரு படத்தை எடுத்து மடியில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். மழை விட்ட மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டிகள், சாம்பலும் நீலமுமாக ஈரம். காத்திருப்பு அறைக்கு அது ஒத்துவராது, ரொம்ப அமைதி. அதனால் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

சட்டம் போடும் கடைக்காரர் தங்கநிறச் சட்டத்தை நீட்டி, இதுதான் எடுப்பாக இருக்கும் என்றார். அக்கா மெல்லிய கறுப்பு மரச் சட்டம் போதும் என்றார். "விளக்கு தெரியாத கண்ணாடி இருக்கா? சாதாரணக் கண்ணாடின்னா வர்றவங்க படத்த விட்டுட்டு அவங்க வீங்குன மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டிருப்பாங்க." கடைக்காரர் பளபளப்பில்லாத கண்ணாடியை எடுத்துவந்தார்.

லிஃப்ட் பழுது பார்க்கும் அக்காவின் கணவர் டிரில்லோடு வந்து படங்களை மாட்டிக் கொடுத்தார். மறுநாள் டாக்டர் வாசலில் நின்று முகம் சுளித்தார்.

"ரொம்பக் கீழ மாட்டிட்டீங்களே. முதல்ல இந்த நாய எடுங்க அக்கா. தெருநாய வெச்சா நல்லாவா இருக்கும்?"

"ஒரு நிமிஷம் இங்க உக்காருங்க டாக்டர்."

டாக்டர் உட்கார்ந்தார். தன் காத்திருப்பு அறையின் நாற்காலியில் அவர் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. படங்கள் மூன்றும் கண்ணுக்கு நேராக இருந்தன. உள்ளேயிருந்து பல் ராவும் மிஷின் சத்தம் வந்தது. உதவி மருத்துவர் யாருக்கோ வேலையைத் தொடங்கியிருந்தார். டாக்டர் அந்தச் சத்தம் வந்த பக்கம் பார்த்தார், பிறகு நாயைப் பார்த்தார்.

"இங்க இவ்வளவு சத்தமா கேக்குமா?"

"எப்பவுமே."

"சரி, நாய் இருக்கட்டும்" என்று எழுந்து உள்ளே போனார். அந்த மாதமே சத்தம் வெளியே வராதபடி சிகிச்சை அறைக் கதவுக்கு ரப்பர் பட்டை போட ஆள் வந்தது.

அறையில் பெரிய மாற்றம் ஒன்றும் வந்துவிடவில்லை. வலி வலிதான். ஆனால் ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர் ஜன்னல்கள் அறுபத்துநான்கு என்றார், வேர் சிகிச்சைக்கு வந்த ஆசிரியை அறுபத்தாறு என்றாள். வாய் மரத்துப்போயிருந்ததால் இருவரும் கைவிரல்களால் சண்டை போட்டார்கள். யார் சரி என்று அக்கா கடைசிவரை சொல்லவில்லை. படகைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து அக்காவே அதை ஒரு தவறான தேர்வு என்று முடிவுகட்டி, ஃபைல் அறைக்கு மாற்றினார்.

மொட்டைமாடிப் படம் மட்டும் மனதிலிருந்து நகரவில்லை. டோக்கன் கிழிக்கும்போதும் வரிசையில் நிற்கும்போதும் அந்தச் சாம்பல் நீலம் வந்து நிற்கும். எதற்கு என்று அவருக்கே விளங்கவில்லை. அடுத்த வருடம் அதே கூடத்துக்குப் போய் நேராக மூலை மேஜைக்கு நடந்தார்.

மை விரல் பெண் பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிவைத்தாள். மொட்டைமாடி என்றதும் உதட்டைப் பிதுக்கினாள்.

"முப்பதும் போயிடுச்சு. தகட்டையும் கீறிட்டேன். போன வருஷமே ஒரு வார்த்த சொல்லியிருந்தா எடுத்து வெச்சிருப்பேனே."

"எனக்குன்னு கேக்கத் தோணல" என்றார் அக்கா.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நாத்தனாரின் கல்யாணப் புடவையிலிருந்து மகளின் ஹாஸ்டல் வரை அவர் தேர்ந்தெடுத்தவை ஏராளம். எல்லாமே இன்னொருவருக்கு எது சரிப்படும் என்று பார்த்தவை. தனக்கு எது சரிப்படும் என்று பார்க்க ஆரம்பித்ததும் கண் எங்கும் நிற்காமல் ஓடியது. புதுப் படங்களை ஒன்றிரண்டு முறை புரட்டினார். மழைப் படம் வேறொன்று இருந்தது. அது அந்த மொட்டைமாடியின் சாயல்தானே என்று ஒதுக்கினார். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. நாத்தனார் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தபோது அக்காவின் கையில் ஒரு படம் இருந்தது. பேருந்து இருக்கையில், ஜன்னலில் தலைசாய்த்துத் தூங்கும் நடுவயதுப் பெண். வாய் லேசாகத் திறந்திருந்தது. பின்னால் முழுக்க மஞ்சள்.

"இதுவா அண்ணி? வாயத் தொறந்துக்கிட்டுத் தூங்குது?"

"நாள் பூரா வாயத் தொறக்கறவங்களத்தான் பாக்குறேன். இவ ஒருத்திதான் பயமில்லாம தொறந்திருக்கா."

மை விரல் பெண் படத்தைச் சுற்றிக் கொடுக்கும்போது, வெயிலும் ஈரமும் படாத சுவராகப் பார்த்து மாட்டச் சொன்னாள்.

இரண்டு அறை வீட்டில் அப்படிப்பட்ட சுவர் ஒன்றுதான் இருந்தது, அதில் கணவரின் கடிகாரம் இருந்தது. வேலையில் இருபது வருடம் முடித்ததற்குக் கம்பெனி கொடுத்தது. கணவர் படத்தைக் கையில் வாங்கி எட்டவைத்தும் கிட்டவைத்தும் பார்த்தார்.

"யாரு இது?"

"தெரியாது."

"தெரியாத பொம்பளைக்காக என் கடிகாரத்தக் கழட்டணுமா?"

"ஆமா" என்றார் அக்கா. காரணம் எதுவும் சேர்க்கவில்லை.

கணவர் டிரில்லை எடுத்தார். கடிகாரம் சமையலறைக்குப் போனது. முதல் வாரத்தில் இரண்டு நாள் அவர் வேலைக்குத் தாமதமாகப் போனார். அதற்குத் தூங்குகிற பெண்ணைத்தான் குறை சொன்னார். கழற்றச் சொல்லவில்லை.