பீரோவும் பழைய டிரங்குப் பெட்டியும்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். தென்காசியில் மரக்கடை, குற்றாலத்தில் எட்டு அறை லாட்ஜ், மாடி வீடு, எல்லாம் ஒற்றை ஆளாக நான் உண்டாக்கியவை. எண்பதுகளின் தொடக்கத்தில் இரும்புப் பீரோ வாங்கி, "இனிமே வீட்டுக் காகிதம் எல்லாம் இதுலதான்" என்று உத்தரவு போட்டேன். மூன்று மாதம் கழித்து, காகிதமெல்லாம் பீரோவுக்கு மாறியிருக்கும் என்று நினைத்து, அதுவரை அவை கிடந்த பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் லாட்ஜுக்கு அனுப்பிவிட்டேன்.

அடுத்த வாரமே மகளுக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்தது. மறுநாள் சான்றிதழ்களோடு போக வேண்டும். பீரோவில் ஒன்றுகூட இல்லை.

"பத்து வருசமா பெட்டியிலதான் போடுதேன், கை அங்கனதான் போவுது. அனுப்பும்போது ஒரு வார்த்த கேட்டியளா?" என்றாள் மனைவி.

காகிதம் இல்லாமல் திரும்புவதில்லை என்று சாரலில் சைக்கிளை மிதித்தேன். லாட்ஜில் பெட்டியைத் திறந்தால் படுக்கை விரிப்புகள்தான் இருந்தன. ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தேன்.

"காகிதத்தையா தேடுதிய அண்ணாச்சி?" என்றாள் அங்கே துணி துவைக்கும் அம்மாள். "பெட்டிக்குள்ள ஈரம். அடுப்புப் பக்கம் காயப் போட்டு, படம் ஒட்டுனது தனி, முத்திர வச்சது தனின்னு கட்டி வச்சிருக்கேன். எனக்கு எழுத்து தெரியாதுல்லா. சொல்லத்தான் வந்தேன், நீங்க யாரையோ ஏசிக்கிட்டு இருந்திய."

மகள் சேர்ந்துவிட்டாள். உத்தரவு போட்டவனே பழையதையும் எடுத்து வைக்க வேண்டும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அந்த வாரமே ஆளுக்கொரு நிறத்தில் துணிப்பை தைக்கச் சொல்லிப் பீரோவில் வைத்தேன். பிறகு எங்கள் வீட்டில் ஒரு காகிதமும் தொலைந்ததில்லை.

வீட்டில் இதைச் சொல்கிறவர்கள் அந்த அம்மாளோடு நிறுத்திவிடுகிறார்கள். அவளை முதலில் சொல்லட்டும், அது நியாயம். ஆனால் நிறப்பை என் யோசனை. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.