மட்டக் கம்பு

தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்குத் தெருவிளக்கும் குழாய்த் தண்ணீரும் அந்த அம்மா அலைந்து கொண்டுவந்தவை. குடியிருப்பாளர் சங்கத் தலைவி. மெலிந்த உடம்பு, சேறு படிந்த ரப்பர் பூட்ஸ், கையில் எப்போதும் ஒரு கம்பு. கொழுந்து எடுத்த காலத்தில் செடிகளின்மேல் கிடத்தி மட்டம் பார்த்த கம்பு அது. இப்போது தினமும் காலையில் அதை லயத்தை ஒட்டிய ஆற்றங்கரையில் ஊன்றி, தண்ணீர் ஏறிய அளவுக்குக் கத்தியால் ஒரு கீறல் போடுவார்.

மேட்டின் உச்சியில் அவர் கட்டவைத்த மண்டபத்துக்கு வயரிங் செய்ய தானா ராத்தா டவுனிலிருந்து போயிருந்தேன். படியேறி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது.

“வயசானவங்க எப்படிக்கா இவ்ளோ மேல ஏறுவாங்க?”

“யார் யாரைத் தூக்கணும்னு எழுதி வெச்சிருக்கோம்லா தம்பி.”

கல்யாண மண்டபம் என்றுதான் நினைத்திருந்தேன். சுவரோரம் அரிசி மூட்டைகளும் பாய்களும் அடுக்கியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். எதிர்மலையில் காட்டை வெட்டிய இடம் செக்கச்செவேலென்று கிடந்தது. கம்பின் கீறல்கள் கைப்பிடியை நெருங்கியிருந்தன.

“எத்தனை நாள் வேலை?”

“மூணு நாள்க்கா. கீழ லயத்துல மூணாம் நம்பர் வீட்டுல தங்கச் சொன்னாங்க.”

நோட்டை எடுத்தார். “முதுகு வலி ஏதும் இருக்கா?”

“இல்லக்கா.”

“நாலாம் நம்பர் ஐயாவால நடக்க முடியாது. மகன் சிங்கப்பூர் போயிட்டான். உங்க பேரு சொல்லுங்க.”

சொன்னேன். எழுதிக்கொண்டு, தூறலில் ஆற்றை நோக்கி இறங்கிப் போனார்.

அந்த மூன்று நாளும் நான் காலில் போட்ட சப்பாத்தைக் கழற்றாமலே தூங்கினேன்.